பண்டிகைகள் வழியாக ஆங்கிலம் படிப்பது: எங்கிருந்து தொடங்குவது?

தூவானம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஆங்கிலம் வாசிப்பதில் எனக்குப் பெரிய சிக்கல் இல்லை. அறிக்கை, மின்னஞ்சல், செய்தி எல்லாம் தடையில்லாமல் ஓடும். என் வேலை அமெரிக்க, பிரிட்டிஷ் ஆட்கள் இருக்கும் ஒரு குழுவில். அக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரைக்கும் கூட்டத்தின் முதல் சில நிமிடங்கள் எனக்குப் பிடிபடுவதே இல்லை. வேலைப் பேச்சு தொடங்கும் முன் அவர்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு அது. யார் என்ன வேடம் போட்டார்கள், யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், 'சீக்ரெட் சான்டா'வுக்கு (சீட்டில் வந்த பெயருக்கு ரகசியமாகப் பரிசு கொடுப்பது) யார் பெயர் எடுத்தாயிற்று, அடுத்த திங்கள் 'பேங்க் ஹாலிடே'யா இல்லையா என்று போகும். தனித்தனியாக எல்லாச் சொல்லும் தெரிந்த சொல்தான். சேர்த்துக் கேட்டால் புரிவதில்லை.

ஆண்டு முழுக்க வரும் விடுமுறை நாட்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதை ஒட்டியே ஆங்கிலம் படித்தால் என்ன என்று ஒரு யோசனை. இணையத்தில் தேடினால் படம் போட்ட சொற்பட்டியல்தான் கிடைக்கிறது: பூசணிக்காய், சூனியக்காரி, வௌவால், எலும்புக்கூடு. இதை மனப்பாடம் செய்து யாரிடம் என்ன பேசுவது? இப்படிப் படித்தவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

வெள்ளிமீன் எழுதியது:

வயதுவந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பண்டிகைகளை வைத்துப் பாடம் நடத்துவது எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், அந்தப் படப்பட்டியலை விட்டுவிடுங்கள். ஒரு பண்டிகையில் பெயர்ச்சொற்கள்தான் எளிது, வேண்டும்போது அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். பேச்சு தடுமாறுவது வினைச்சொல்லில். பூசணிக்காயை ஆங்கிலத்தில் 'கட்' செய்வதில்லை, அக்டோபர் 31இல் வரும் ஹாலோவீனுக்கு அதை 'கார்வ்' செய்வார்கள், அதாவது குடைந்து செதுக்குவார்கள். கிறிஸ்துமஸ் மரத்தை 'புட் அப்' செய்வார்கள், பண்டிகை முடிந்ததும் 'டேக் டவுன்' செய்வார்கள். புத்தாண்டுத் தீர்மானத்தை 'மேக்' செய்து, பிறகு 'கீப்' செய்வார்கள் அல்லது 'பிரேக்' செய்வார்கள். இந்த இணைகளைச் சேர்த்தே மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது முன்னிடைச்சொல் (பிரெபொசிஷன்). வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான். அந்தப் பருவம் முழுவதையும் சொன்னால் 'அட் கிறிஸ்மஸ்'. டிசம்பர் 25 என்ற அந்த ஒரு நாளைச் சொன்னால் 'ஆன் கிறிஸ்மஸ் டே'. அந்த விடுமுறைக் காலம் நெடுக நடந்ததைச் சொன்னால் 'ஓவர் கிறிஸ்மஸ்'. 'வாட் டிட் யூ டூ ஓவர் கிறிஸ்மஸ்?' என்று ஒருவர் கேட்டால், அந்த ஒரு நாளில் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஈஸ்டருக்கும் இதே முறைதான். இலக்கணப் புத்தகத்தில் இதை விதியாகப் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். ஒரு பண்டிகையோடு சேர்த்துக் கேட்டால் நிற்கும், ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் அதே வாரத்தில் அதே வாக்கியம் திரும்பக் காதில் விழுகிறது. பாடப்புத்தகத்தால் கொடுக்க முடியாத வசதி இது.

மூன்றாவது, தூவானம், உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படுவது: யார், யாரிடம், எந்த நேரத்தில், என்ன சொல்கிறார்கள்? அதற்குப் பதில் என்ன? 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்பது ஹாலோவீன் அன்று வாசலில் நிற்கும் குழந்தை கதவு திறந்ததும் மிட்டாய் கேட்டுச் சொல்வது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து அதைச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். டிசம்பர் நடுவில் அலுவலகத்தில் உங்களிடம் கேட்கப்போவது 'டூயிங் எனிதிங் நைஸ் ஃபார் கிறிஸ்மஸ்?' என்பதாக இருக்கும். நீங்கள் அதைக் கொண்டாடாதவராக இருந்தாலும் பரவாயில்லை. 'நாட் ரியலி, ஜஸ்ட் எ குவயட் ஒன். ஹவ் அபௌட் யூ?' என்று சொன்னால் போதும். கடைசித் துண்டுதான் முக்கியம். கேள்வியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவர் மகிழ்ச்சியாகப் பேசத் தொடங்குவார், நீங்கள் கேட்கலாம். வாழ்த்துக்குப் பதில் வேண்டுமா? 'யூ டூ', 'சேம் டு யூ' இரண்டும் எல்லாப் பண்டிகைக்கும் பொருந்தும்.

ஒரு பண்டிகை எடுத்துக்கொண்டால் பத்து இணைகள், ஐந்து வாக்கியங்கள், இரண்டு பதில்கள். அதற்கு மேல் சுமக்க வேண்டாம்.

நேர்வழி எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆங்கிலம் படிக்க நம்மில் பலருக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நாளில் அரை மணி. அதில் கார்வ் செய்வதையும் மரம் நிறுத்துவதையும் படிக்க வேண்டுமா? எந்த நேர்முகத் தேர்விலும் இதைக் கேட்கப்போவதில்லை. வேலைக்கு வேண்டியது தெளிவாக எழுதுவது, தொலைபேசியில் தடுமாறாமல் பேசுவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்களில் பாதி ஒரு மதத்தின் நாட்கள், மீதி ஒரு நாட்டின் வரலாற்று நாட்கள். மொழி படிக்க வந்தவர் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்கள் வீட்டில் நடக்கும் விசேஷத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். உங்களிடம் கேட்பவர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

வெள்ளிமீன் எழுதியது:

//உங்கள் வீட்டில் நடக்கும் விசேஷத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள்//

இதை முழு மனதோடு ஏற்கிறேன், நேர்வழி. நான் நடத்தும் ஒவ்வொரு பாடமும் அங்கேதான் போய் முடியும். ஆனால் அதைச் சொல்ல வாக்கிய அமைப்பு வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? 'இட் ஃபால்ஸ் ஆன்', 'இட் மார்க்ஸ் தி எண்ட் ஆஃப்', 'ஆன் தி ஈவ் ஆஃப்', 'தி ஹோல் ஃபேமிலி கெட்ஸ் டுகெதர்' போன்றவற்றை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தங்கள் பண்டிகையைப் பற்றி எழுதும்போது இயல்பாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய ஒரு பத்தியை வாசித்து, அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே நம் விஷயத்தை வைத்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய நம்பிக்கையை யாரும் ஏற்க வேண்டியதில்லை. வாக்கியத்தை எடுத்துக்கொள்வதில் எந்தப் பாரமும் இல்லை.

வேலைக்கு உதவாது என்பதில் மாறுபடுகிறேன். இந்த நாட்கள் பண்டிகையோடு நின்றுவிடாமல் அன்றாடப் பேச்சுக்குள் உவமைகளாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. 1979 மார்ச் 28 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பிரதமர் ஜேம்ஸ் காலகன் அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஸ்காட்லாந்து தேசியக் கட்சி அரசுக்கு எதிராக வாக்களிக்கத் தயாராக இருந்தது. அரசு கவிழ்ந்து தேர்தல் வந்தால் அந்தக் கட்சிக்கே அடி விழும் என்ற கணக்கில், வான்கோழிகள் கிறிஸ்துமஸை முன்கூட்டியே கொண்டுவர வாக்களிப்பது வரலாற்றில் இதுவே முதல்முறை என்ற பொருளில், வளாகத்தில் உலவிய பேச்சை எடுத்துச் சொன்னார் காலகன். 310க்கு 311 என்று ஒரே வாக்கில் அரசு தோற்றது. அடுத்து வந்த தேர்தலில் அந்தக் கட்சி தன் 11 இடங்களில் 9 இடங்களை இழந்தது. தனக்குத் தானே கேடு தேடிக்கொள்ளும் முடிவை 'டர்க்கீஸ் வோட்டிங் ஃபார் கிறிஸ்மஸ்' என்று இன்றும் பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் எழுதுகின்றன, அலுவலகக் கூட்டங்களிலும் சொல்வார்கள். அங்கே கிறிஸ்துமஸ் விருந்தில் வான்கோழி உண்டு என்பது தெரியாதவருக்கு அந்த வரி வெறும் சத்தம்தான்.

அமெரிக்கப் பக்கம் 'கிரவுண்ட்ஹாக் டே' இருக்கிறது. பிப்ரவரி 2. பென்சில்வேனியாவின் பங்சடானி ஊரில் 1887 முதல் நடக்கும் வழக்கம். கிரவுண்ட்ஹாக் என்பது அணில் இனத்து விலங்கு; வளையிலிருந்து வெளியே வரும் அது தன் நிழலைப் பார்த்தால் குளிர்காலம் இன்னும் ஆறு வாரம் நீளும் என்பது நம்பிக்கை. 1993இல் வந்த ஒரு திரைப்படத்துக்குப் பிறகு, ஒரே நாள் திரும்பத் திரும்ப வருவது போன்ற சலிப்புக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. உங்கள் மேலாளர் 'திஸ் ஃபீல்ஸ் லைக் கிரவுண்ட்ஹாக் டே' என்று சொன்னால் அவர் வானிலையைப் பற்றிப் பேசவில்லை, போன வாரம் பேசிய அதே பிரச்சினையையே மறுபடி பேசுகிறோம் என்கிறார்.

மணிச்சட்டம் எழுதியது:

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு ஒன்று. நிரலுக்குள் யாரும் எதிர்பாராத இடத்தில் ஒளித்துவைத்த சின்ன வேடிக்கையை 'ஈஸ்டர் எக்' என்று நாம் தினமும் சொல்கிறோம். அதன் வேர் ஈஸ்டர் அன்று தோட்டத்தில் முட்டைகளை ஒளித்துவைத்துக் குழந்தைகளைத் தேடச் சொல்லும் வழக்கத்தில் இருக்கிறது. வீடியோ விளையாட்டுகளை வடிவமைத்தவர்களின் பெயரை அவற்றைத் தயாரித்த அடாரி நிறுவனம் வெளியிடாத காலத்தில், வாரன் ராபினெட் என்பவர் தன் 'அட்வென்சர்' விளையாட்டில் ஒரு ரகசிய அறைக்குள் தன் பெயரை ஒளித்துவைத்தார். அதை விளையாடியவர்கள் கண்டுபிடித்த பிறகு நிறுவனத்துக்குள்ளேயே அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் தேடும் விளையாட்டு 'எக் ஹன்ட்'. 'ஹைட்', 'ஹன்ட் ஃபார்', 'ஸ்பாட்' என்று மூன்று வினைகளும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

நாடோடி எழுதியது:

நான் வசிப்பது இங்கிலாந்தில். இங்கே பேச்சு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், தூவானம். உங்கள் குழுவின் பிரிட்டிஷ் பாதிக்கு இது உதவலாம்.

'பேங்க் ஹாலிடே' என்றால் வங்கிக்கு மட்டும் விடுமுறை என்று பொருளல்ல. 1871இல் சர் ஜான் லப்பக் கொண்டுவந்த சட்டத்தில் வங்கிகளுக்கான விடுமுறையாகத் தொடங்கியது, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது பொது விடுமுறைக்கே அதுதான் பெயர். பெரும்பாலும் திங்களில் வருவதால் 'பேங்க் ஹாலிடே வீக்கெண்ட்' என்றால் மூன்று நாள் ஓய்வு. 'எனி பிளான்ஸ் ஃபார் தி பேங்க் ஹாலிடே?' என்பதுதான் இங்கே வெள்ளிக்கிழமைப் பேச்சு. 'ஹாலிடே' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். இங்கே 'ஐயாம் ஆன் ஹாலிடே' என்றால் விடுப்பில் இருக்கிறேன், ஊர் சுற்றப் போயிருக்கிறேன் என்று பொருள். அதையே அமெரிக்கர் 'ஆன் வெகேஷன்' என்பார். அவர்களுக்கு 'ஹாலிடே' என்றால் நாட்காட்டியில் இருக்கும் குறிப்பிட்ட நாள், 'தி ஹாலிடேஸ்' என்றால் ஆண்டுக் கடைசியின் அந்தப் பண்டிகைக் காலம். ஒரே கூட்டத்தில் இரண்டு பொருளிலும் அது வரும்.

டிசம்பர் 26 'பாக்சிங் டே'. குத்துச்சண்டை எதுவும் இல்லை. பணியாட்களுக்கும் வீட்டுக்கு வந்து சேவை செய்பவர்களுக்கும் பெட்டியில் அன்பளிப்பு கொடுத்த வழக்கத்திலிருந்து வந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இன்று அது கால்பந்துப் போட்டிகளும் தள்ளுபடி விற்பனையும் முதல் நாள் மிச்சமும் சேர்ந்த நாள். அந்த மிச்சத்துக்கு 'லெஃப்ட்ஓவர்ஸ்' என்று பெயர். அந்த வாரம் முழுக்கக் காதில் விழும் சொல் அதுதான்.

நவம்பர் 5 இங்கே 'பான்ஃபயர் நைட்'. 1605இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க நடந்த சதி பிடிபட்டதன் நினைவு. வெடிமருந்துக்குக் காவலாக இருந்து அகப்பட்டவர் கை ஃபாக்ஸ். அவர் உருவப் பொம்மையை எரிப்பது வழக்கம், அந்தப் பொம்மைக்கும் 'கை' என்றே பெயர். பிறகு அந்தச் சொல் அலங்கோலமாக உடுத்தியவரைக் குறித்து, கடைசியில் எந்த ஆணையும் குறிக்கும் சொல்லாகி, அமெரிக்காவில் இருபாலரையும் சேர்த்து 'யூ கைஸ்' என்று கூப்பிடும் அளவுக்குப் போய்விட்டது. கூட்டம் தொடங்கும்போது 'ஹாய் கைஸ்' என்று நீங்கள் கேட்பது அதுதான்.

கேட்டுப் பழக நான் எல்லோருக்கும் சொல்வது மன்னரின் கிறிஸ்துமஸ் உரை. 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் வானொலியில் தொடங்கியது, 1957 முதல் தொலைக்காட்சியிலும் வருகிறது. டிசம்பர் 25 பிற்பகல் 3 மணிக்கு ஒளிபரப்பாகும். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், நிதானமான பேச்சு, எழுத்து வடிவமும் வெளியாகும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு எழுத்தோடு கேளுங்கள், மூன்றாம் முறை அவர் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்திச் சேர்ந்து படியுங்கள். பழைய ஆண்டுகளின் உரைகளும் கிடைக்கின்றன. நன்றி சொல்வது, ஆண்டைத் திரும்பிப் பார்ப்பது, இழப்பைப் பேசுவது, வாழ்த்துவது என்று ஏறக்குறைய ஒரே வரிசை என்பதால் நான்கைந்து உரைகளுக்குப் பிறகு அடுத்து என்ன வரும் என்று காது முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்கும். அந்த எதிர்பார்ப்பு வந்துவிட்டால் கேட்கும் திறன் வளர்கிறது என்று அர்த்தம்.

குறிஞ்சி எழுதியது:

நல்ல இழை. என் கேள்வி குழந்தைகளைப் பற்றி. என் மகளுக்கு எட்டு வயது. வெள்ளிமீன் அக்கா சொல்லும் இந்த வழி சின்னவர்களுக்கும் ஒத்துவருமா? பள்ளியில் வண்ணம் தீட்டும் தாளும் சொற்பட்டியலும்தான் கொடுக்கிறார்கள்.

வெள்ளிமீன் எழுதியது:

ஒத்துவரும், குறிஞ்சி. குழந்தைகளுக்கு வினைச்சொல்லைக் கையால் செய்து காட்டலாம் என்பதால் இன்னும் எளிது. ஒரு தாளை எடுத்து உறை செய்யச் சொல்லுங்கள்: 'ஃபோல்ட்', 'கட்', 'ஸ்டிக்', 'ரைட்', 'சீல்'. வாழ்த்து அட்டை செய்வதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே செய்தால் கட்டளை வாக்கியம் முழுவதும் வந்துவிடும். அடுத்த நாள் அவளையே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், 'ஃபர்ஸ்ட் யூ ஃபோல்ட் இட், தென் யூ கட்' என்று. மூன்றாம் நாள் அதையே இறந்தகாலத்தில்: 'ஐ ஃபோல்டட் இட்'. இங்கே 'கட்' மாறாது என்பதைக் குழந்தை தானாகவே கவனிக்கும். நீங்கள் விதி சொல்ல அவசரப்பட வேண்டாம்.

கதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாலோவீன் விளக்கை முதலில் அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்தார்கள். அங்கிருந்து அமெரிக்கா போனவர்களுக்கு அதைவிடப் பெரிய, குடைய எளிதான பூசணி கிடைத்தது. இந்த ஒரு செய்தியை 'யூஸ்ட் டு' வைத்துச் சொன்னால் ஒரு பாடம் முடிந்தது. முன்பு இப்படி, இப்போது இப்படி. பண்டிகைகளின் வரலாறு முழுக்கவே இந்த அமைப்புக்குள் அடங்கும்.

பயமுறுத்தும் படங்கள் பிடிக்காத குழந்தை என்றால் ஹாலோவீனை விட்டுவிடுங்கள், கட்டாயம் ஒன்றும் இல்லை.

கடலோரம் எழுதியது:

ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் பனியும் கம்பளியுமாகப் பேசுகிறீர்கள், இங்கே கிறிஸ்துமஸ் கோடையில் வரும். ஈஸ்டர் இலையுதிர் காலத்தில். பாடப்புத்தகத்தில் 'விண்டர் ஹாலிடேஸ்' என்று டிசம்பரைப் படித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் ஜூன், ஜூலையில் குளிர் வருவதைப் பார்த்துக் குழம்புவார்கள். ஆகவே பருவத்தையும் பண்டிகையையும் இறுக்கமாகக் கட்டிப் படிக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். இங்குள்ளவர்கள் சொற்களைச் சுருக்குவதும் அதிகம். கிறிஸ்துமஸ் 'கிறிஸ்ஸி' ஆகும், பரிசுகள் 'பிரெஸ்ஸீஸ்' ஆகும், பார்பிக்யூ 'பார்பி' ஆகும்.

ஆனால் இங்கே மொழி படிப்பவர்கள் அவசியம் போய்க் கேட்க வேண்டிய நாள் ஏப்ரல் 25, ஆன்சாக் நாள். முதல் உலகப் போரின்போது 1915இல் துருக்கியின் கல்லிப்போலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் தரையிறங்கிய நாள். விடியலுக்கு முன் இருட்டில் கூடுவார்கள், அதற்கு 'டான் சர்வீஸ்' என்று பெயர். ஒருவர் சில வரிகள் சொல்ல, கூட்டம் 'வீ வில் ரிமெம்பர் தெம்' என்று திருப்பிச் சொல்லும். பிறகு 'லெஸ்ட் வீ ஃபர்கெட்', அதாவது நாம் மறந்துவிடாதிருக்க. வந்த புதிதில் அந்த வரியைக் கூட்டத்தோடு சேர்ந்து சொன்னபோது, ஒரு மொழியில் நானும் ஓர் ஆள் என்ற உணர்வு எனக்கு முதன்முறையாக வந்தது. புத்தகத்தில் 'லெஸ்ட்' என்ற சொல்லை எத்தனை முறை பார்த்திருந்தாலும் அதன் கனம் தெரிந்தது அங்கேதான்.

அந்த நாளுக்கு 'ஹேப்பி' போடாதீர்கள். இது முக்கியம்.

தூவானம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கடலோரம் கடைசியாகச் சொன்னதை ஒட்டி ஒரு கேள்வி: எந்த நாளுக்கு 'ஹேப்பி' சொல்லலாம், எதற்குக் கூடாது? அமெரிக்கர்களுக்கு மே மாதத்தில் ஒரு நீண்ட வார இறுதி வருகிறது. மின்னஞ்சலின் கடைசியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் எதுவும் எழுதாமல் விட்டுவிடுகிறேன்.

வெள்ளிமீன் எழுதியது:

அது 'மெமோரியல் டே', மே மாதக் கடைசித் திங்கள். பணியில் உயிர்நீத்த படைவீரர்களுக்கான நாள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கல்லறைகளில் மலர் வைக்கும் 'டெக்கரேஷன் டே' ஆகத் தொடங்கியது. 'ஹேப்பி மெமோரியல் டே' என்று சில அமெரிக்கர்களே சொல்வார்கள், ஆனால் குடும்பத்தில் ஒருவரை இழந்தவருக்கு அது குத்தும். 'ஹேவ் எ குட் லாங் வீக்கெண்ட்' என்று எழுதுங்கள், யார் மனதும் புண்படாது. நவம்பர் 11 'வெட்டரன்ஸ் டே' வேறு. அது படையில் பணியாற்றிய எல்லோருக்குமான நாள், உயிரோடு இருப்பவர்களுக்கும் சேர்த்து. அன்று முன்னாள் வீரர் ஒருவரிடம் 'தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்' என்பார்கள். அதே நவம்பர் 11 பிரிட்டனில் 'ரிமெம்பரன்ஸ் டே', அங்கே சிவப்புப் பாப்பி மலர் அணிவார்கள், 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் காப்பார்கள்.

'குட் ஃபிரைடே'க்கும் 'ஹேப்பி' கிடையாது. பெயரில் 'குட்' இருப்பதால் பலர் ஏமாந்துபோவார்கள், அது இயேசுவின் மரணத்தை நினைக்கும் நாள். 'ஹேவ் எ குட் ஈஸ்டர் பிரேக்' என்றால் போதும். அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4க்குத் தாராளமாக 'ஹேப்பி ஃபோர்த்' சொல்லலாம். அங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். அமெரிக்கர்கள் மற்ற எல்லாத் தேதியையும் மாதம் முன்னே வைத்துச் சொல்வார்கள், இதற்கு மட்டும் 'தி ஃபோர்த் ஆஃப் ஜூலை' என்பார்கள்.

இழப்பின் நாளா, களிப்பின் நாளா என்று முதலில் பார்த்துவிட்டால் வாழ்த்து தானாக அமையும்.

நேர்வழி எழுதியது:

தொடர்ந்து படித்து வருகிறேன். இந்த வாழ்த்து விஷயம் அலுவலகத்துக்கு நேரடியாக வேண்டியதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். வான்கோழி உவமையையும்தான். ஆனால் தொடக்க நிலையில் இருப்பவர் இதில் இறங்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. ஒரு பத்தியைத் தானாக எழுத வந்த பிறகு இதற்கு வரட்டும்.

அப்புறம், அமெரிக்காவில் நவம்பரில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளான 'தேங்க்ஸ்கிவிங்' பற்றி யாராவது பாடம் எடுத்தால், வந்தேறிகளும் பூர்வகுடிகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்ற கதையோடு நிறுத்திவிடாதீர்கள். அதைத்தான் எல்லாப் பாடத்தாள்களும் செய்கின்றன.

நாடோடி எழுதியது:

நேர்வழி சொல்வது மிகவும் சரி. 1621இல் அமெரிக்காவின் பிளிமத்தில் அறுவடை விருந்து நடந்தது, அங்குள்ள பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள் அதில் இருந்தார்கள் என்பது உண்மை. அதன் பிறகு அந்த மக்கள் நிலத்தையும் உயிரையும் இழந்ததும் உண்மை. 1970 முதல் ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் பிளிமத்தில் பூர்வகுடிகள் கூடி 'நேஷனல் டே ஆஃப் மோர்னிங்' என்று துக்கம் அனுசரிக்கிறார்கள். இந்த 'மோர்னிங்' துக்கம், காலை அல்ல. காதில் இரண்டும் ஒன்றுபோல விழும்.

படிப்பவருக்கு இது நல்ல பயிற்சியும்கூட. ஒரே நாளைப் பற்றி இரண்டு தரப்பு எழுதியதை அடுத்தடுத்து வாசியுங்கள். ஒருவர் 'செலிபிரேட்' என்று எழுதும் இடத்தில் மற்றவர் 'அப்சர்வ்' (அனுசரி) அல்லது 'கம்மெமரேட்' (நினைவுகூர்) என்று எழுதுவார். 'கொண்டாடு' என்பதற்கு ஒரே சொல்லைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவற விடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜனவரி 26 பற்றியும் இதே போல வாசிக்கலாம். 1788இல் முதல் பிரிட்டிஷ் கப்பல் கூட்டம் சிட்னி துறையில் கொடியேற்றிய நாள் அது. அரசு நாட்காட்டியில் 'ஆஸ்திரேலியா டே', அங்குள்ள பூர்வகுடிகள் பலருக்கு 'இன்வேஷன் டே', அதாவது படையெடுப்பு நாள். கடலோரம் இதைப் பற்றி இன்னும் சொல்லலாம்.

கடலோரம் எழுதியது:

ஆமாம், இரண்டு பெயரும் இங்கே ஒரே நாளில் காதில் விழும். எந்தப் பெயரை ஒருவர் சொல்கிறார் என்பதிலேயே அவர் நிலைப்பாடு தெரிந்துவிடும். புதிதாக வந்தவர்கள் 'தி லாங் வீக்கெண்ட்', 'தி டுவென்டி சிக்ஸ்த்' என்று தேதியாகச் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்பது நல்லது.

மணிச்சட்டம் எழுதியது:

தூவானம், இது பண்டிகை அல்ல, ஆனால் உங்கள் கூட்டத்துக்கு மிகவும் வேண்டியது. கடிகாரம் மாற்றுவது. 'ஸ்பிரிங் ஃபார்வர்ட், ஃபால் பேக்' என்பது அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும் வரி. வசந்தத்தில் ஒரு மணி முன்னே, இலையுதிர் காலத்தில் ஒரு மணி பின்னே. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றும். பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றும். ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் இரண்டு நாட்டுக்கும் இடையே உள்ள நேர வித்தியாசமே மாறியிருக்கும். அந்த வாரங்களில் 'ஹேவ் யுவர் கிளாக்ஸ் சேஞ்ச்ட் யெட்?' என்று கேட்டுவிட்டுக் கூட்ட நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே கேள்வியில் பேச்சும் தொடங்கும், வேலையும் நடக்கும்.

தூவானம் எழுதியது:

அருமை. இந்தக் கேள்வியை இந்த ஆண்டே பயன்படுத்துவேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் தேங்க்ஸ்கிவிங்கில் தொடங்குகிறேன். நாடோடி சொன்னபடி இரண்டு தரப்பையும் வாசித்து, இணைகளை எழுதிக்கொண்டு, கடைசியில் எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றை அதே அமைப்பில் ஒரு பத்தியாக எழுதி இங்கே போடுகிறேன். திருத்திக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. எங்கள் குழுவில் டொரண்டோவிலிருந்து ஒருவர் சேர்ந்திருக்கிறார். அவருக்கும் நவம்பரில்தான் தேங்க்ஸ்கிவிங் வாழ்த்துச் சொல்ல வேண்டுமா?

வெள்ளிமீன் எழுதியது:

வேண்டாம். கனடாவில் அது அக்டோபர் இரண்டாம் திங்கள். நவம்பர் நான்காம் வியாழன் என்பது அமெரிக்காவுக்கு மட்டும். அங்கேயும் லிங்கன் 1863இல் கடைசி வியாழன் என்று அறிவித்தது, 1939இல் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னே நகர்த்தி, பெரிய சர்ச்சையாகி, 1941இல் சட்டத்தின் வழியாக நான்காம் வியாழனில் நின்றது. உங்கள் டொரண்டோ நண்பருக்கு அக்டோபரில் அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளியன்று 'ஹேப்பி தேங்க்ஸ்கிவிங்' என்று அனுப்புங்கள். அமெரிக்கர்கள் நடுவே இருக்கும் கனடாக்காரருக்கு அந்த வாழ்த்தைச் சரியான மாதத்தில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது, மிகவும் மகிழ்வார்.

பத்தியை எழுதி முடித்ததும் இதே இழையில் போடுங்கள். இணைகளின் பட்டியலையும் சேர்த்துப் போட்டால் குறிஞ்சிக்கும் உதவும்.